இணைய ஏலத்தில் பழைய கேமராக்களும் லென்ஸ்களும்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

பழைய ஃபிலிம் கேமராக்களையும் அவற்றுக்கான லென்ஸ்களையும் பல ஆண்டுகளாக இணைய ஏலங்களின் வழியாகவே வாங்கி வருகிறேன். தயாரிப்பு நின்றுபோன பொருட்களுக்கு வேறு வழி அதிகமில்லை என்பது ஒரு காரணம். பொறுமை உள்ளவருக்கு ஏலத்தில் நல்ல விலை அமையும் என்பது இன்னொரு காரணம். மோசடியிலிருந்து தப்பிக்கப் பொருளைப் பற்றிய அறிவு ஓரளவுக்குத்தான் உதவும். அதைவிட எனக்குக் கைகொடுத்திருப்பது, ஒவ்வொரு முறையும் ஏலம் கேட்பதற்கு முன்பே நான் கேட்டுக்கொள்ளும் ஒரு கேள்வி: நாளை இது தகராறில் முடிந்தால், எங்கள் இருவரையும் அறியாத மூன்றாமவர் ஒருவரிடம் காட்டுவதற்கு என்னிடம் என்ன சான்று இருக்கும்?

ஏலத் தளத்தில் புகாரைத் தீர்ப்பவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. விற்பனைக் குறிப்பில் என்ன எழுதியிருந்தது, தளத்தின் செய்திப் பெட்டியில் இருவரும் என்ன பேசிக்கொண்டார்கள், பணம் எந்த வழியில் சென்றது, பொதி எங்கே சேர்ந்ததாக அஞ்சல் பதிவு சொல்கிறது என்ற நான்கையும் வைத்தே அவர் முடிவெடுக்கிறார். மோசடிக்காரர்களுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் அவர்களுடைய முதல் முயற்சி எப்போதும் நம்மைத் தளத்துக்கு வெளியே அழைத்துச் செல்வதாகவே இருக்கிறது. தளத்தின் கட்டணத்தை மிச்சப்படுத்தி அதை எனக்கே தள்ளுபடியாகத் தருவதாகச் சொன்ன விற்பனையாளர்களும், 'மேலும் படங்கள் அனுப்புகிறேன்' என்று தொலைபேசி எண் கேட்டவர்களும், இணையவழிப் பணப் பரிமாற்றச் சேவையான பேபாலில் 'நண்பர்கள், குடும்பத்தினர்' என்ற பிரிவில் பணம் அனுப்பச் சொன்னவர்களும் எனக்கு நிறையவே வாய்த்திருக்கிறார்கள். அந்தப் பிரிவில் அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது என்பதே அவர்கள் அதைக் கேட்பதற்கான ஒரே காரணம். வங்கிவழி நேரடிப் பணமாற்றமோ பரிசு அட்டையோ கேட்பவரிடம் நான் விவாதிப்பதுகூட இல்லை.

இவற்றுக்கு நெருங்கிய உறவு, ஏலத்தில் தோற்றவருக்கு வரும் 'இரண்டாம் வாய்ப்பு' மடல். ஏலத்தில் வென்றவர் பின்வாங்கிவிட்டார், அடுத்த இடத்தில் இருந்த உங்களுக்கே தருகிறேன் என்று விற்பனையாளர் சொல்வது இபே போன்ற தளங்களில் உண்மையாகவே உள்ள வசதிதான். ஆனால் உண்மையான அழைப்பு தளத்துக்குள் நம் கணக்கிலேயே தெரியும். மின்னஞ்சலில் மட்டும் வந்து, தனி இணைப்பில் பணம் கட்டச் சொல்வது பெரும்பாலும் ஏலப் பட்டியலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த வேறொருவரின் வேலையாகவே இருக்கும். பொருள் கைக்கு வரும்வரை பணத்தை நடுவில் வைத்திருப்பதாகச் சொல்லி, விற்பனையாளரே பெயர் சொல்லிப் பரிந்துரைக்கும் இடைநிலைக் காப்புப் பண நிறுவனமும் அப்படித்தான். அந்த இணையதளத்தை நடத்துபவரும் அவராகவே இருக்கலாம்.

விற்பனையாளரின் நற்பெயருக்கு வருகிறேன். நீண்டகால நற்பெயருக்கு உண்மையாகவே பண மதிப்பு உண்டு. பால் ரெஸ்னிக் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஒரே வகைப் பழைய அஞ்சலட்டைகளை நிலைபெற்ற ஒரு கணக்கிலும் புதிய கணக்குகளிலும் இபேயில் விற்றுப் பார்த்தபோது, நிலைபெற்ற கணக்குக்கு வாங்குபவர்கள் சுமார் 8 விழுக்காடு கூடுதலாகத் தர முன்வந்தது தெரிந்தது. மதிப்பு உள்ள எதற்கும் போலி பிறக்கும். ஆகையால் நான் விழுக்காட்டு எண்ணைப் பார்த்து நிற்பதில்லை. அந்த மதிப்புரைகள் எதை விற்றதற்காக வந்தவை என்று திறந்து பார்க்கிறேன். மிக மலிவான சில்லறைப் பொருட்களை வாங்கியே சேர்த்த நூறு பாராட்டுகள், விலையுயர்ந்த லென்ஸ் விற்பவரைப் பற்றி எதையும் சொல்வதில்லை. அதைவிட எச்சரிக்கை தேவைப்படுவது, பல ஆண்டுகள் துணிகளோ பொம்மைகளோ விற்றுவிட்டு நெடுநாள் உறங்கிக் கிடந்த கணக்கொன்று திடீரென விழித்து ஒரே நாளில் பத்துப் பன்னிரண்டு விலையுயர்ந்த கேமராக்களைப் பட்டியலிடும்போது. கடவுச்சொல் திருடப்பட்ட கணக்கின் நடத்தை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். பாராட்டுகள் எல்லாம் உண்மையானவை, ஆனால் அவற்றைச் சம்பாதித்தவர் இப்போது அங்கே இல்லை.

படங்களைப் பொறுத்தவரை, ஒரு படத்தையே கொடுத்து அது இணையத்தில் வேறெங்கு இருக்கிறது என்று தேடும் தலைகீழ்ப் படத்தேடல் முதல் வடிகட்டி. வேறொரு பழைய விற்பனையிலிருந்து எடுத்தவை அதிலேயே அகப்பட்டுவிடும். அதற்கு மேல், லென்ஸின் முன்வளையத்தில் பொறித்த வரிசை எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படமும், பின்பக்கமிருந்து டார்ச் வெளிச்சம் பாய்ச்சிக் கண்ணாடி வழியாக எடுத்த ஒரு படமும் தளத்தின் செய்திப் பெட்டியிலேயே கேட்கிறேன். பூஞ்சையும், ஒட்டிய கண்ணாடிகளுக்கிடையே பசை விட்டுப்போனதும் அந்த வெளிச்சத்தில் தப்பாமல் தெரியும்; சாதாரண வெளிச்சத்தில் எடுத்த அழகான படத்தில் தெரியாது. வரிசை எண் கேட்பது பொருள் அவர் கையில் இருக்கிறதா என்று அறிய மட்டுமல்ல, படத்தில் காட்டிய லென்ஸுக்குப் பதில் வேறொன்று வந்தால் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டவும்தான். 'சோதித்துப் பார்க்கவில்லை' என்ற சொற்றொடரை நான் 'பழுது' என்றே படித்து, அதற்கேற்ற விலையைத்தான் மனத்தில் வைக்கிறேன். மின்கலம் போட்டுப் பார்க்க ஒரு நிமிடம் ஆகும். கேமராவை ஏழு கோணங்களில் படமெடுக்க நேரம் கண்டவருக்கு அந்த ஒரு நிமிடம் கிடைக்கவில்லை என்பதை நம்புவது கடினம்.

இனி ஏலத்துக்கே உரிய ஏமாற்று. பொருள் உண்மை, விற்பவர் உண்மை, விலை மட்டும் பொய்யாக இருக்கலாம். விற்பனையாளரோ அவருடைய கூட்டாளியோ வேறு கணக்கில் வந்து விலையை ஏற்றிவிடுவது இணைய ஏலம் தோன்றிய காலம் முதலே இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் இபேயில் சில்லறைத் தொகைக்குத் தொடங்கிய ஓவியம் ஒன்று, அமெரிக்க ஓவியர் ரிச்சர்ட் டீபென்கார்ன் வரைந்ததாக இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பில் 1,35,805 டாலர் வரை ஏறியது. விற்பவரே தன் பொருளுக்கு ஏலம் கேட்டிருந்தது வெளிப்பட்டதும் தளம் அந்த விற்பனையை ரத்து செய்தது. மறு ஆண்டு, கூட்டாகப் போலி ஏலம் கேட்டதாக மூவர் மீது அமெரிக்காவில் வழக்குத் தொடரப்பட்டது.

இது எப்படி நம் பணத்தைத் தொடுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இபேயில் நாம் நமது உச்ச விலையைப் பதிவு செய்தால், அடுத்தவர் கேட்டதைவிட ஒரு படி மட்டும் கூடுதலாகத் தளமே நமக்காகக் கேட்டுக்கொண்டு போகும். நமது உச்ச விலை மற்றவர்களுக்குத் தெரியாது. ஏற்றிவிட வந்தவர் சிறு சிறு படிகளாகக் கேட்டுக்கொண்டே போய் அந்த மறைவான எண்ணைத் துழாவுகிறார். நம்மைத் தாண்டிவிட்டால், தவறான தொகையைத் தட்டிவிட்டதாகச் சொல்லித் தம் கேட்பைத் திரும்பப் பெறுகிறார். இப்போது நமது எல்லை அவருக்குத் தெரியும். இன்னொரு கணக்கு அதற்குச் சற்றே கீழே வந்து நிற்கும். ஆகவே கேட்பு வரலாற்றைத் திறந்து பார்ப்பதை நான் ஒருபோதும் விடுவதில்லை. ஒரே விற்பனையாளரின் பொருட்களுக்கு மட்டும் தொடர்ந்து கேட்டு, எதையும் வெல்லாமல், முடிவு நேரத்துக்கு வெகுமுன்பே ஓய்ந்துவிடும் கணக்கைக் கண்டால் விலகிவிடுகிறேன். கேட்பவர்களின் அடையாளத்தை முழுவதுமாக மறைத்து நடத்தும் ஏலங்களில் இதைச் சோதிக்க வழியே இல்லை என்பதால் அவற்றில் இறங்குவதே இல்லை.

கடைசி நொடிகளில் கேட்பதை நாகரிகமற்றது என்று கருதுவோர் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பொருளியலாளர்கள் ஆல்வின் ராத், ஆக்செல் ஆக்கன்ஃபெல்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, முடிவு நேரம் மாறாத இபேயில் கடைசி நேரக் கேட்பு மிகுதி என்றும், கடைசியில் யாரேனும் கேட்டால் நேரம் தானாக நீண்ட அன்றைய அமேசான் ஏலத்தில் அது குறைவு என்றும் காட்டியது. என் எல்லையை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு, முடிவதற்குச் சில நொடிகள் இருக்கும்போது ஒரே ஒருமுறை கேட்கிறேன். துழாவுவதற்கு யாருக்கும் நேரம் கிடைப்பதில்லை. முந்தைய ஏலங்களில் அதே பொருள் உண்மையில் விற்ற விலைகளிலிருந்துதான் அந்த எல்லை வருகிறது. விற்காமல் கிடப்பவற்றுக்கு விற்பவர்கள் சொல்லும் விலையிலிருந்து அல்ல.

பணம் கட்டிய பிறகு நேரிடும் ஏமாற்றுகளில் நுட்பமானது பொய்யான பொதி எண். விற்பவர் நம் அஞ்சல் குறியீட்டுப் பகுதியிலேயே வேறொரு முகவரிக்கு ஒன்றுமில்லாத உறை ஒன்றை அனுப்புவார். தடமறியும் பக்கத்தில் 'ஒப்படைக்கப்பட்டது' என்று வந்துவிடும். அந்த ஒரு சொல்லை வைத்து நம் புகார் தள்ளப்படலாம். அப்போது செய்ய வேண்டியது, அஞ்சல் நிறுவனத்திடமே சென்று அந்தப் பொதி எந்த முகவரியில் சேர்ந்தது, அதன் எடை எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குவது. சில பத்துக் கிராம் எடையுள்ள உறைக்குள் கேமரா இருக்க முடியாது என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். வந்த பொதியைப் பிரிக்கும்போதும் முகவரிச் சீட்டில் தொடங்கி வரிசை எண் வரை ஒரே தொடர்ச்சியாகக் காணொளி எடுத்து வைக்கிறேன்.

காலக்கெடுவை வைத்து விளையாடுவோரும் உண்டு. இபேயின் பணம் திரும்பும் உத்தரவாதத்தில், பொருள் வந்து சேர்ந்ததிலிருந்து அல்லது சேர வேண்டிய கடைசி நாளிலிருந்து பொதுவாக 30 நாட்களுக்குள் முறையிட வேண்டும். பேபாலில் பணம் செலுத்தியதிலிருந்து 180 நாட்கள் உண்டு. ஆனால் அங்கே தொடங்கிய தகராறை 20 நாட்களுக்குள் முறையான கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் அது தானாக மூடப்படும், மூடியதை மறுபடி திறக்க முடியாது. 'குடும்பத்தில் உடல்நலமில்லை, அடுத்த வாரம் அனுப்புகிறேன், முதலில் புகாரை எடுத்துவிடுங்கள்' என்று பணிவாக எழுதுபவர் உண்மையே சொல்லியிருக்கலாம். புகார் திறந்திருப்பதால் உண்மையானவருக்கு எந்த நட்டமும் இல்லை. பொருளையோ பணத்தையோ அனுப்பியதும் அது தானே தீர்ந்துவிடும். ஆகையால் பதிலில் கனிவு காட்டுகிறேன், புகாரை மட்டும் மூடுவதில்லை.

இந்தக் கெடுவுக்காகவே, ஃபிலிம் போட்டுச் சுருளைக் கழுவி முடிவு பார்க்கும் வரை காத்திராமல், வந்த லென்ஸை அன்றே ஓர் இணைப்பு வளையத்தின் வழியாக டிஜிட்டல் கேமராவில் பொருத்தி, எல்லாத் துளை அளவுகளிலும் படமெடுத்துப் பார்த்துவிடுகிறேன். கேமரா உடலாக இருந்தால் பின்மூடியைத் திறந்து வைத்து, ஒவ்வொரு வேகத்திலும் ஷட்டர் திறந்து மூடுவதைப் பதிவு செய்கிறேன். மெதுவான வேகங்களில் அது திக்கினால் காதாலேயே கேட்டுவிடலாம். விற்பனையாளருக்கான மதிப்புரையை அந்தச் சோதனைகள் முடிந்த பிறகே இடுகிறேன், அவர் எத்தனை முறை நினைவூட்டினாலும்.