எஃப்.எம்.மில் விளம்பரம் கொடுக்கப் போகிறீர்களா? ஆர்.ஓ. என்கிற ஒப்பந்தத் தாளை முழுசாக வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்

பண்டிகை சீசனுக்கு எஃப்.எம்.மில் விளம்பரம் கொடுக்கலாமா என்று யோசிக்கும் சிறு கடைக்காரர்கள் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். போன தீபாவளிக்கு 56,640 ரூபாய் கட்டி நான் ஏமாந்தேன். பல ஊர்களில் நிலையம் வைத்திருக்கும் பெரிய கம்பெனிதான். பெயரைப் போட வேண்டாம் என்று என் வக்கீல் சொன்னதால் போடவில்லை.

மதுரை புதூரில் நானும் அத்தையும் பலகாரக் கடை நடத்துகிறோம். அதிரசம், மனோகரம், கைமுறுக்கு, சீடை. வருஷத்து வருமானத்தில் பாதி, தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரத்தில்தான் வரும். அத்தைக்கு ரேடியோ என்றால் தனி நம்பிக்கை. இலங்கை வானொலியின் வர்த்தக சேவையைக் கேட்டு வளர்ந்தவர். அதன் அறிவிப்பாளர் கே.எஸ். ராஜா விளம்பரம் சொன்னால் அதையும் பாட்டைப் போல உட்கார்ந்து கேட்போம் என்பார். "பேப்பர்ல போட்டா புரட்டிட்டுப் போயிடுவாக. ரேடியோல சொன்னா அடுப்படி வரைக்கும் வரும்" என்று அவர்தான் சொன்னார். என் இரண்டு வளையலை அடகு வைத்தேன்.

விற்பனைப் பிரிவிலிருந்து வந்த தம்பி நன்றாகத்தான் பேசினார். "அக்கா, 20 நாளைக்கு 300 ஸ்பாட். ஒரு நாளைக்குப் பதினஞ்சு தடவை. காலைல ஏழுலேருந்து பதினொண்ணு, சாயந்தரம் அஞ்சுலேருந்து ஒம்பது, அதுதான்க்கா பிரைம் டைம். போனஸா திருச்சி, நெல்லை, தூத்துக்குடியிலயும் வரும்." பத்து வினாடிக்கு 80 ரூபாய். எங்கள் விளம்பரம் 20 வினாடி, ஆக ஒரு ஸ்பாட்டுக்கு 160. முன்னூறுக்கு 48,000. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 8,640. நான் சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருப்பதால் அந்த வரியைத் திரும்ப எடுக்கவும் வழியில்லை. ஆர்.ஓ. என்கிற ரிலீஸ் ஆர்டரை நீட்டினார், ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கடைப் பெயரும் தொகையும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

முதல் நாள் காலையிலிருந்து கல்லாப் பக்கத்தில் ரேடியோ ஓடியது. அத்தை ஒரு நாற்பது பக்க நோட்டில் நேரம் எழுத ஆரம்பித்தார். 8.52, ஒன்று. அப்புறம் மத்தியானம் 2.20, ஒன்று. சாயந்தரம் ஒன்றும் இல்லை. மாவு இடிக்கும் சத்தத்தில் தவறவிட்டோம் போல என்று முதல் இரண்டு நாள் சமாதானம் சொல்லிக்கொண்டோம். நான்காம் நாள் போன் செய்தால், "ஓடிக்கிட்டுதான்க்கா இருக்கு, சிஸ்டத்துல தெரியுது" என்றார். கடைக்கு வந்தவர்களையெல்லாம் ரேடியோவில் கேட்டீர்களா என்று விசாரித்தேன். ஒருத்தரும் இல்லை.

ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு வேன் ஓட்டும் ஒரு அண்ணன் வந்து அரைக்கிலோ அதிரசம் வாங்கினார். "உங்க விளம்பரம் கேட்டேம்மா. ராத்திரி ரெண்டே கால் இருக்கும், மேலூர் தாண்டி வந்துக்கிட்டிருந்தேன். அடுத்தடுத்து ரெண்டு தடவை போட்டாங்க." அத்தை நோட்டை மூடி வைத்துவிட்டார்.

பதினோரு தடவை கேட்ட பிறகு, தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம் லாக் ரிப்போர்ட் அனுப்பினார்கள். ஒவ்வொரு ஸ்பாட்டும் எந்த நிலையத்தில் எத்தனை மணிக்கு ஓடியது என்று அதில் இருக்கும். உட்கார்ந்து எண்ணினேன். மதுரையில் ஓடியது 120. மீதி 180-ம் திருச்சி, நெல்லை, தூத்துக்குடி. போனஸ் என்று அவர் சொன்னதைக் கூடுதல் என்று நான் எடுத்துக்கொண்டேன், அவர்கள் முன்னூறுக்குள்ளேயே கழித்துவிட்டார்கள். மதுரையின் 120-லும் இரவு பதினொன்றுக்கு மேல் காலை ஆறுக்குள் ஓடியவை 71. மத்தியானம் 27. பிரைம் டைமில் வெறும் 22. ஜி.எஸ்.டி.யைத் தள்ளிப் பார்த்தாலும், உருப்படியான ஒரு ஸ்பாட்டுக்கு 2,180 ரூபாய் கொடுத்திருக்கிறேன். தூத்துக்குடியில் எங்கள் விளம்பரத்தைக் கேட்டு யார் புதூருக்கு முறுக்கு வாங்க வருவார்கள்?

ஆர்.ஓ.வை அப்புறம்தான் ஒரு தெரிந்த பையனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இரண்டு வார்த்தை இருந்தது: 'ஆர்.ஓ.எஸ்.', 'நெட்வொர்க்'. ஆர்.ஓ.எஸ். என்றால் ரன் ஆஃப் ஸ்டேஷன், நாள் முழுக்க எந்த நேரத்தில் வேண்டுமானாலும் அவர்கள் வசதிப்படி போடலாம். நெட்வொர்க் என்றால் அவர்களுடைய எந்த ஊர் நிலையத்திலும் போடலாம். விற்காமல் போன நேரத்தை நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. அதனால் பெரிய நகைக்கடை, ஜவுளிக்கடை விளம்பரங்கள் பிரைம் டைமை நிறைத்துவிட, ஆள் இல்லாத நடுராத்திரியும் வெளியூர் நிலையமும் எங்களைப் போன்றவர்கள் தலையில் வந்து விழுகிறது. ஆர்.ஓ.எஸ். வாங்குவது தப்பில்லை, விலை குறைவு என்று தெரிந்தே வாங்குகிறவர்கள் உண்டு. வாயால் பிரைம் டைம் சொல்லிவிட்டுத் தாளில் ஆர்.ஓ.எஸ். எழுதியதைத்தான் நான் மோசடி என்கிறேன்.

'மதுரையின் நம்பர் ஒன்' என்று ஒரு வண்ணத்தாளும் காட்டினார்கள். 2007-ல் வந்த ரேம் என்கிற ரேடியோ நேயர் கணக்கெடுப்பு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா நான்கு ஊர்களில் எடுக்கப்பட்டது. மதுரை அதில் கிடையாது. நம்பர் ஒன் என்று யாராவது சொன்னால் எந்தக் கணக்கு, எந்த வருஷம் என்று கேளுங்கள்.

ஆர்.ஓ.வில் நிலையத்தின் ஊர்ப் பெயர், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, அந்த நேரத்துக்குள் தினம் எத்தனை ஸ்பாட், மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். போனஸைத் தனி வரியில் எழுதச் சொல்லுங்கள். லாக் ரிப்போர்ட்டை வாரம் ஒருமுறை அனுப்ப வேண்டும் என்றும், பாதிப் பணம் கடைசி ரிப்போர்ட் வந்த பிறகுதான் என்றும் போடுங்கள். மொத்தத்தையும் முன்பணமாகக் கேட்டால் எழுந்து வந்துவிடலாம். சந்தேகம் வந்தால் உடனே எழுத்தில் புகார் கொடுத்து ஒலிபரப்பின் பதிவைக் கேளுங்கள். மூன்று மாதம் பதிவை வைத்திருக்க வேண்டும் என்பது தனியார் எஃப்.எம். உரிமத்தின் நிபந்தனை. நான் தயங்கித் தயங்கியே நாளைக் கடத்திவிட்டேன்.

பொங்கலுக்கு 60 ஸ்பாட் இலவசமாகத் தருகிறோம் என்றார்கள். வேண்டாம், பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன். உங்களிடம் இப்போது கையெழுத்துப் போடாத ஆர்.ஓ. இருந்தால் தொகையை மறைத்துவிட்டுப் படம் எடுத்து அனுப்புங்கள். எங்கள் நோட்டையும் லாக் ரிப்போர்ட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்துச் சொல்கிறேன்.