அரங்கை இடித்துக் கட்டிய அடுக்களை: ஆறு சாரலுக்குப் பிறகு

2019 தை மாதம் எங்கள் அடுக்களையைப் புதுப்பித்தோம். அடுத்த மாதம் ஏழாவது சாரல் தொடங்கிவிடும் (சாரல் என்பது இங்கே ஜூனில் தொடங்கும் தூறல் பருவம்). வேலை முடிந்த வாரத்தில் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு இன்றைக்கும் உறவினர்கள் யாராவது, 'யார் செய்து கொடுத்தது, எண் அனுப்பு' என்று கேட்கிறார்கள். அந்தப் படங்களில் இருக்கும் அலமாரிகளில் பாதி இப்போது வீட்டில் இல்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சொல்லி மாளவில்லை. அதனால் எழுதிவிடுகிறேன்.

வீடு செங்கோட்டையில், கிழக்குப் பார்த்தது. தெருவில் எல்லாமே ஒட்டு வீடுகள். வடக்கிலும் தெற்கிலும் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர். திண்ணை, தார்சா, பட்டாசாலை, அரங்கு, அடுக்களை, புறவாசல் என்று ரயில் பெட்டிகளைக் கோத்ததுபோல் நீளமாகப் போகும். அரங்கு என்றால் தெரியாதவர்களுக்காக: ஜன்னல் இல்லாத, பகலிலும் விளக்குப் போட வேண்டிய நடு அறை. நெல், புளி, வெண்கலப் பாத்திரம், பத்திரம் எல்லாம் அதற்குள்தான். எங்களுடையது ஏழடிக்கு ஒன்பதடி. அதற்குப் பின்னால் பத்தடிக்கு ஒன்பதடி அடுக்களை. இப்படி ஓர் இருட்டறையைச் சும்மா வைத்துக்கொண்டு இடம் போதவில்லை என்று புலம்புகிறோமே என்று முதலில் வாயைத் திறந்தது நான்தான். நடுச்சுவரை எடுத்தால் பதினேழு அடி அடுக்களை கிடைக்கும்.

அத்தை மட்டும் பிடிகொடுக்கவில்லை. "இடிப்பதானால் இடி. அரிசியை எங்கே வைப்பாய் என்று மட்டும் சொல்லிவிட்டு இடி" என்றார். கைபேசியில் இழுப்பறைகள், சுழலும் தட்டுகள், ஆளுயர அலமாரிகள் என்று வரிசையாகக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார்.

அடுக்களை அலமாரி செய்து தரும் நிறுவனத்திலிருந்து அளவெடுக்க ஒரு பையன் வந்தான். பொறுமையானவன்தான். "ஒரு மாதத்துக்கு எவ்வளவு பலசரக்கு வாங்குவீர்கள்?" என்று கேட்டான். மாதச் சிட்டையைக் காட்டினேன். அதை வைத்துக் கணக்குப் போட்டு, இருபது சதவீதம் கூட்டி, படம் வரைந்தான். எங்கள் முதல் தவறு அந்தக் கேள்வியிலேயே இருந்தது. இந்தப் பக்கத்து வீடுகளில் சாமான் மாதக் கணக்கில் ஓடுவதில்லை. மாசி, பங்குனியில் புதுப் புளி வரும். கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, ஜாடியில் அடைக்க வேண்டும். சித்திரை வெயிலில் வற்றல், வடகம், மோர் மிளகாய். வைகாசி முடிவதற்குள் மிளகாயும் மல்லியும் பருப்பும் காய்ந்து உள்ளே போய்விட வேண்டும். சாரல் விழுந்துவிட்டால் ஆவணி வரை வெயிலை நம்ப முடியாது. ஆக, வீட்டில் சாமான் உச்சத்தில் இருப்பது வைகாசிக் கடைசியில். நாங்கள் அளந்தது தை மாதத்தில், டப்பாக்கள் பாதி காலியாக இருந்தபோது. அலமாரி போடப்போகிறவர்கள் தங்கள் ஊரில் சாமான் நிறைந்து கிடக்கும் மாதத்தில் ஒருமுறை எல்லாவற்றையும் தரையில் பரப்பி எண்ணிப் பாருங்கள். எங்கள் வீட்டில் தையில் 43 டப்பா, அதே ஆண்டு வைகாசியில் 71.

போதாததற்கு அத்தை கேரளத்துப் புனலூர்க்காரர். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்ப் பக்கம்தான் இருந்தது என்பதால் மலைக்கு அந்தப்புறம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் இங்கே புதிதல்ல. 2018இல் அகலப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து அங்கிருந்து வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டு வருவதே இல்லை. சக்கை (பலா) வற்றல், குடம்புளி, காய்ந்த மரச்சீனி, தேங்காய் எண்ணெய்த் தகரம் என்று ஏதாவது வந்து இறங்கும். எந்த வரைபடமும் இதற்கு இடம் விட்டதில்லை.

இரண்டாவது தவறு மேற்குச் சுவர். எங்கள் அடுக்களைக்கு வெளிச்சுவர் என்று இருப்பது அது ஒன்றுதான். ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்று நேராக அதன் மேல்தான் மோதும். ஜூனில் தொடங்கினால் சில நாள் மழையென்றும் சொல்ல முடியாமல் வெறும் ஈரமென்றும் சொல்ல முடியாமல் நாள் முழுக்கத் தூவிக்கொண்டே இருக்கும். சுவர் குடித்துக்கொண்டே இருக்கும். ஜன்னலுக்கு அடியில் பாத்திரம் கழுவும் தொட்டி, இரண்டு பக்கமும் மேல் அலமாரி, மூலையில் ஏழடி உயரத்துக்குச் சாமான் அலமாரி என்று மொத்தச் சேமிப்பையும் அந்தச் சுவரிலேயே சாய்த்திருந்தார்கள். அலமாரியின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. முதல் ஆடியிலேயே உள்பக்கம் வெள்ளையாகப் பூசணம். துடைத்தால் நான்கு நாளில் மறுபடி பூக்கும்.

தொட்டிக்கு அடியில் இருந்த பெட்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். விலைப் பட்டியலில் 'நீர் தாங்கும் பலகை' என்று போட்டிருந்தார்கள். இரண்டாவது சாரலின்போது கதவைத் திறந்தவள் அப்படியே நின்றேன். குழாய் போவதற்காக வெட்டிய ஓட்டையைச் சுற்றி மேல்தாள் அப்பளம்போல் எழும்பியிருந்தது. என் கணவர் சுட்டுவிரலால் மெல்ல அழுத்தினார். காப்பியில் நனைத்த ரஸ்க் மாதிரி விரல் உள்ளே போயிற்று. எடுத்துப் பார்த்தால் மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகை. மேலே ஒட்டிய தாள் நீரைத் தாங்கத்தான் செய்தது. வெட்டிய விளிம்பை யாரும் அடைக்கவில்லை, நீர் அந்த வழியாக ஏறிவிட்டது. கேட்டபோது, உத்தரவாதத்தில் நீரால் வரும் சேதம் சேராது என்றார்கள். தொட்டிக்கு அடியில் நீரைத் தவிர வேறு என்ன வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஒட்டுப்பலகைதான் (பிளைவுட்) வேண்டும் என்பவர்கள் பலகையின் மேல் ஐ.எஸ். 710 என்ற முத்திரையைக் கண்ணால் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். கொதிநீர் தாங்கும் தரம் அது. வெட்டிய விளிம்பும் ஓட்டையும் எப்படி அடைக்கப்படும் என்பதையும் பட்டியலில் எழுதி வாங்குங்கள். நாங்கள் அந்தப் பெட்டியைப் பிடுங்கிவிட்டுக் கீழே ஓடு பதித்துத் திறந்தே விட்டுவிட்டோம். ஒரு வாளி, ஒரு துடைப்பம். நான்கு வருடமாக ஒரு தொந்தரவும் இல்லை.

ஏழடி அலமாரிதான் படங்களில் எல்லோரையும் மயக்குவது. இருபத்திரண்டு அங்குல ஆழம். முன்னால் ஒரு வரிசை டப்பா, அதற்குப் பின்னால் ஒன்று, அதற்கும் பின்னால் கை எட்டாத இடத்தில் ஒன்று. 2021இல் அதைக் காலி செய்தபோது பெருங்காய டப்பா நான்கு கிடைத்தன, நான்கும் திறந்தவை. அடித்தட்டின் மூலையில் ஒரு பாசிப்பயறு டப்பா. மூடியைத் திருகினால் சாம்பல் நிற மாவு, அதன் மேல் பயறின் தோல் மட்டும் முழுசாக. ஆட்டினால் ஓசையே வரவில்லை. டப்பா இறுக்கமாக மூடியிருந்ததே, வண்டு எப்படிப் போயிற்று என்று வியந்தேன். அத்தைக்குச் சிரிப்பு. வண்டு போகவில்லை, கூடவே வந்திருக்கிறது. அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டை வைத்து வாயை அடைத்துவிடும், பயற்று வண்டு தோலின் மேல் ஒட்டிவிடும், புழு துளைத்து உள்ளே போகும். கண்ணுக்குத் தெரியாது. தானியத்தில் ஈரம் 14 சதவீதத்துக்கு மேல் போனால் அதற்குக் கொண்டாட்டம். எவர்சில்வர் டப்பா வெளியிலிருந்து வருவதைத்தான் தடுக்கும். காயவைத்துப் போடுவதுதான் வழி. அதிலும் அத்தைக்கு ஒரு கண்டிப்பு உண்டு: வெயிலில் காய்ந்ததைச் சூட்டோடு மூடக் கூடாது. நிழலில் ஆறவிட்டு மூட வேண்டும். இல்லாவிட்டால் மூடியின் உள்பக்கம் வேர்த்து, அந்த ஈரமே தானியத்தில் இறங்கும்.

அந்த ஆண்டு புரட்டாசியில் கொத்தனாரை அழைத்தோம். எந்தச் சுவர் காய்ந்திருக்கிறது என்று வீடு முழுக்கத் தடவிப் பார்த்ததில் வடக்குப் பொதுச்சுவர் அகப்பட்டது. முன்பு அரங்காக இருந்த ஏழடி. ஆச்சி காலத்தில் சுளவு (முறம்) மாட்ட அடித்த ஆணியின் ஓட்டைகூட வெள்ளையடிப்புக்கு அடியில் இருந்தது. அந்த ஏழடியில் கடப்பா கல் தட்டுகள் போட்டோம். அடித்தட்டு மட்டும் பதினான்கு அங்குல ஆழம், அரிசி, எண்ணெய் போன்ற கனமானவற்றுக்கு. நடுவில் ஒன்பது அங்குலம். கண் மட்டத்துக்கு மேலே ஆறே அங்குலம். எந்தத் தட்டிலும் ஒரு வரிசைக்கு மேல் நிற்காது. அதுதான் வேண்டும். பெருங்காயம் தீர்ந்ததா இல்லையா என்று நடந்து போகும்போதே தெரிந்துவிடுகிறது. இரண்டாவது டப்பா வாங்கும் வழக்கம் அதோடு நின்றது.

தட்டுக்கும் தட்டுக்கும் இடைவெளி விடுவதில் கவனம் தேவை. டப்பாவின் உயரத்தோடு ஓர் அங்குலம் சேர்த்து முதலில் குறித்துவிட்டார் என் கணவர். மூடியைத் திறக்க டப்பாவை வெளியே எடுத்தாக வேண்டும் என்பது அவருக்குத் தோன்றவில்லை, அவர் திறப்பதில்லையே. அடித்தட்டுக்கு மட்டுமாவது கை முழுதும் உள்ளே போய் அரிசி அளக்கும் அளவுக்கு இடம் விடச் சொல்லித் திருத்தினேன். தாங்கலும் முக்கியம். நடுவில் ஒன்று போதும் என்று கொத்தனார் சொன்னதைக் கேட்டோம். மூன்றரை அடி நீளக் கல்லில் மூன்று எண்ணெய்த் தகரம் ஏறியதும் இரண்டாம் மாதமே மயிரிழைபோல் ஒரு கோடு. பிறகு இரண்டு தாங்கல் கொடுத்து மாற்றினோம். கடப்பா கல்லுக்கும் குறை உண்டு. அது சுண்ணாம்புக் கல் வகை, புளிப்பு ஆகாது. புளி ஜாடியின் அடியில் வழிந்த இடத்தில் கறுப்பு போய்ச் சாம்பல் வட்டம் விழுந்திருக்கிறது, எதைத் தேய்த்தாலும் போகவில்லை. உப்பையும் புளியையும் பீங்கான் பரணியில் போட்டு, அடியில் ஒரு தட்டு வைத்துவிட்டேன். பரணி என்பது அத்தையின் சொல், இப்போது என் வாயிலும் ஒட்டிக்கொண்டது.

கதவு வேண்டுமா என்று ஒரு மாதம் விவாதம் நடந்தது. மூடினால் புழுங்கும், திறந்தால் பல்லி. இடித்த அரங்கின் கதவு அயினிப் பலகை, பின்கட்டில் சாய்த்துவைத்திருந்தோம். ஆசாரி அதை அறுத்துச் சட்டம் செய்து, கம்பிவலை அடித்துக் கொடுத்தார். காற்று போகிறது, எலி போவதில்லை. சுவர், கல், கதவு எல்லாம் சேர்த்து 34,000 ரூபாய் ஆயிற்று. 2019இல் கொடுத்த மொத்தத் தொகையைச் சொன்னால் அத்தை காதில் விழுந்துவிடும், விட்டுவிடுகிறேன்.

நிறுவனத்துக்காரர்கள் செய்ததில் உருப்படியானது அடுப்பு மேடைக்கு அடியில் போட்ட மூன்று இழுப்பறைகள். தட்டு, கரண்டி, குக்கர் எல்லாம் குனியாமல் எடுக்க முடிகிறது. ஆறு வருடத்தில் ஒரு தண்டவாளம்தான் மக்கர் செய்தது. பாத்திரத்துக்கு இழுப்பறை, சாமானுக்குத் திறந்த தட்டு என்று இப்போது என் கணக்கு. சிலிண்டருக்குக் கதவு போட்டு மூடியிருந்தார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடுதான் படரும். கதவைக் கழற்றிவிட்டு, தரை மட்டத்தில் புறவாசல் பக்கம் ஒரு வலைத்துளை வைத்தோம். பரணைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பொங்கல் பானையும் பழைய மிக்சியும் அங்கே இருக்கின்றன, எல்லார் வீட்டிலும்போல.

அரிசி விஷயம் மட்டும் இன்னும் முடியவில்லை. சரியாக 25 கிலோ சிப்பம் கொள்ளும்படி முப்பத்திரண்டு லிட்டர் டிரம் வாங்கி, அதற்கு அளவெடுத்து அடித்தட்டைப் போட்டிருந்தேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரையுள்ள பொதிகளுக்கு ஐந்து சதவீத ஜிஎஸ்டி வந்தது. உடனே அண்ணாச்சி கடையில் சிப்பம் 26 கிலோ ஆகிவிட்டது. டிரம்மைத் தட்டித் தட்டி நிரப்பினாலும் கடைசியில் கொஞ்சம் மிஞ்சும். சாக்கின் வாயை முறுக்கி டிரம்முக்குப் பக்கத்தில் வைப்பேன். வண்டு முதலில் தென்படுவது அதில்தான். பெரிய டிரம் வாங்கினால் தட்டுக்குள் நுழையாது. தட்டை உயர்த்தினால் மேலே உள்ள ஒன்பது அங்குலத் தட்டு இரண்டும் ஏற வேண்டும்.

மேற்கு மூலையில் அந்த ஏழடி அலமாரி இன்னும் நிற்கிறது. குடை, மழைச்சட்டை, மகனின் கிரிக்கெட் மட்டை. அதைக் கழற்றி மேற்குச் சுவருக்கு இந்தச் சாரலுக்கு முன் மறுபூச்சு பூசிவிட வேண்டும் என்று ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் சொல்லி மூன்று வாரம் ஆயிற்று. ஆசாரி வந்தால் கொத்தனார் வருவதில்லை. நேற்று மாலை மலை முகட்டில் மேகம் இறங்கியிருந்தது. அத்தை புறவாசலில் நின்று பார்த்துவிட்டு, மொட்டை மாடியில் காயும் மல்லியை அள்ளிவரச் சொன்னார்.