கீமோவுக்குப் பிறகு அக்குள் நெறி: முழுசா எடுப்பதா, நாலைந்து போதுமா?

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷனுக்கு முன்பே கீமோ கொடுத்து, அக்குளில் கட்டியிருந்த நெறியும் கரைந்துவிட்டால் ஒரு கேள்வி வரும். அங்கே உள்ள நிணநீர் முடிச்சுகளை மொத்தமாக எடுத்துவிடுவதா, நாலைந்தை மட்டும் எடுத்துச் சோதித்து, சுத்தமாக இருந்தால் மற்றதை விட்டுவிடுவதா? காசிமேட்டில் மீன் வெட்டும் என் அக்காவுக்காக இரண்டையும் விசாரித்து இரண்டாவதற்குத்தான் ஒப்புக்கொண்டோம். அதனால் இதை நடுநிலை அலசல் என்று நினைத்துப் படிக்காதீர்கள்.

முழுதாக எடுப்பது பழைய வழி. பெரும்பாலும் பத்துக்கு மேல் முடிச்சுகள் வரும். எத்தனையில் நோய் மிச்சம் என்று துல்லியமாகத் தெரிந்துவிடும். முடிச்சைத் தேடச் சாயம், ஐசோடோப் (லேசான கதிரியக்க மருந்து) எதுவும் வேண்டாம், ஒரே ஆபரேஷனில் முடியும். காயத்தில் ஊறும் நீரை வடிக்கும் டிரெயின் குழாய் கொஞ்ச நாள் கூடுதலாக இருக்கும், மேல்கையின் உள்பக்கம் மரத்துப்போகலாம். சரி, இதெல்லாம் தாங்கிக்கொள்ளக் கூடியதுதான்.

நாலைந்து மட்டும் எடுப்பதற்கு சென்டினல் நோட் பயாப்ஸி என்று பெயர். மார்பில் நீலச் சாயமோ ஐசோடோப்போ செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் முடிச்சுகளை எடுப்பார்கள். (மறுநாள் சிறுநீர் பச்சையாகப் போனதைப் பார்த்து அக்கா போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. சாயம்தான், தானாகத் தெளிந்துவிட்டது.) இதில் உள்ள பயம், மிச்ச நோய் கண்ணில் படாமல் போவது. 2013-ல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வில், கீமோவுக்குப் பிறகும் அக்குளில் நோய் மிச்சமிருந்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு இந்தச் சோதனை அதைத் தவறவிட்டது. மூன்றோ அதற்கு மேலோ எடுத்தால் தவறு குறைகிறது. முதல் பயாப்ஸியில் நோய் இருந்த முடிச்சிலேயே சின்ன உலோகக் கிளிப் வைத்து, அதையும் சேர்த்து எடுத்தால் இன்னும் குறைகிறது: 2016-ல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில் அது 2 சதவீதம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது இந்த எண்கள் இல்லை, கை. முழுதாக எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை வீங்குகிறது. சென்டினலோடு நின்றவர்களில் இருபதில் ஒருவர் அளவுக்குத்தான். லிம்ஃபெடிமா என்கிற அந்த வீக்கத்தைக் கட்டுப்படுத்தலாம், அடியோடு போக்குவது கடினம். தினமும் இறுக்கமான ஸ்லீவ் போட வேண்டும். துவைத்து மாற்ற இரண்டு வேண்டும். ஆறு மாதத்தில் இழுவை தளர்ந்துவிடும், திரும்ப வாங்க வேண்டும். சித்திரை வெயிலில், தண்ணீரும் செதிலும் தெறிக்கிற இடத்தில், அதைப் போட்டுக்கொண்டு யார் உட்கார முடியும்? அதைவிட மோசம் முள். கெளுத்தி முள்ளோ இறால் கொம்போ குத்தாத நாள் அக்காவுக்குக் கிடையாது. நிணநீர் வடியாத கையில் ஒரு சின்னக் குத்து சீழ் பிடித்து, காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிடும். எங்கள் தெருவில் ஒரு அத்தைக்குப் பல வருஷம் முன்பு முழுதாக எடுத்தார்கள். இன்றும் ரவிக்கையின் ஒரு கையை மட்டும் தையல் பிரித்துவிட்டுத்தான் போடுகிறார். அதைப் பார்த்த அக்கா, “எனக்கும் இப்படி வீங்கினா அரிவாமனையில யாருடி உக்கார்றது?” என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் எல்லோருக்கும் இது பொருந்தாது. அக்காவுடையது ஹெர்-2 பாசிட்டிவ் வகை, அதாவது ஹெர்-2 என்ற புரதம் அதிகமாக உள்ள புற்று. அதிலும் டிரிப்பிள் நெகட்டிவிலும் (ஹெர்-2 மிகுதியும் இல்லாத, ஹார்மோன் சார்பும் இல்லாத வகை) கீமோவுக்கு நெறி முழுதாகக் கரைவது அதிகம், ஹார்மோன் சார்ந்த வகையில் குறைவு. கீமோ முடிந்தும் கையில் தட்டுப்பட்டாலோ, முடிச்சுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தாலோ முழுதாக எடுப்பதுதான் வழக்கம், அங்கே அடம்பிடிக்க வேண்டாம். எடுத்த முடிச்சில் நோய் மிச்சம் தெரிந்தாலும் அதேதான். அது ஆபரேஷன் மேஜையிலேயே தெரியாமல் பின்னால் வரும் ரிப்போர்ட்டில் தெரிந்தால், இன்னொரு ஆபரேஷனுக்கும் மனதைத் தயார் செய்துகொள்ள வேண்டும். அக்காவுக்கு முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கை இப்போது நன்றாக இருக்கிறது, ஆனால் வீக்கம் சில வருஷம் கழித்தும் வரக்கூடியது. எங்கள் அனுபவத்தை அந்த அளவுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, கிளிப்பை முதல் கீமோவுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். நெறி கரைந்த பிறகு, நோய் இருந்த முடிச்சு எது என்று ஸ்கேனில் கண்டுபிடிப்பது கஷ்டம். கிளிப்பும் இல்லை, சாயம் போட்டுத் தேடிப் பழகிய சர்ஜனும் இல்லை என்றால், அரைகுறையாக இரண்டு முடிச்சு எடுப்பதைவிட முழுதாக எடுப்பதே தேவலை என்றுதான் நானும் சொல்வேன்.