போலீசுக்கே மார்க் போடும் அறிக்கை

வீடு மாறும் யோசனையில், இங்கிலாந்தில் பகுதிவாரியாகக் காவல்துறைகளைச் சோதிக்கும் அரசு அமைப்பு இணையத்தில் இலவசமாகத் தரும் அறிக்கைகளைப் புரட்டினேன். 'மிகச் சிறப்பு' முதல் 'போதாது' வரை ஐந்து தரங்கள், மகளின் ரேங்க் கார்டு மாதிரி. அவசர அழைப்புக்கு எப்படி ஓடி வருகிறார்கள் என்ற பகுதியை இரண்டு தடவை படித்தேன். நிதி நிர்வாகப் பகுதியில் கொட்டாவி வந்தது.

மார்க் போடுவது யார் என்பதுதான் சுவாரசியம். ஆண்டி குக் 2016 முதல் 2021 வரை மெர்சிசைட் (லிவர்பூல் பகுதி) காவல்துறைக்கே தலைவர். 2022இல் இந்தச் சோதனை அமைப்பின் தலைமை 'இன்ஸ்பெக்டர்' ஆனார். (நம்மூரில் சொன்னால் டிஜிபியைப் பதவி இறக்கிவிட்டார்கள் என்பார்கள்!) பழைய சகாக்களைச் சோதிக்கும்போது கை கூசாதா? அதற்காகவோ என்னவோ, 2012இல் காவல் பின்னணியே இல்லாத வழக்கறிஞர் டாம் வின்சரை இதே பதவியில் அமர்த்திப் பார்த்தார்கள். எனக்கென்னவோ, உள்ளே இருந்தவர் கண்ணுக்குத்தான் ஓட்டை சீக்கிரம் தெரியும். இந்த அறிக்கைகளுக்கு என் மார்க், ஐந்துக்கு நான்கு.