ஃபோர்டும் ஹூண்டாயும்: சென்னையில் ஒரே சமயம், இரண்டு வழி

இரண்டும் 1990களின் நடுவில் சென்னைப் பக்கம் வந்த நிறுவனங்கள். ஃபோர்டுக்கு மறைமலை நகர், ஹூண்டாய்க்கு இருங்காட்டுக்கோட்டை.

ஃபோர்டு மஹிந்திராவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஐரோப்பாவுக்காகச் செய்த எஸ்கார்ட் செடானை இறக்கியது. ஹூண்டாய் தனியாக வந்தது. 1998இல் சான்ட்ரோ என்ற சின்னக் காரில் தொடங்கியது. உயரமான கூரை, ஏறி இறங்கச் சுலபம், மாருதியை விட்டால் வேறு கார் தெரியாத குடும்பங்களுக்குத் தோதான அளவு. என் கணக்கில் பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிட்டது.

ஃபோர்டு காரை ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், ஸ்டியரிங்கைப் பற்றியே அரை மணி நேரம் பேசுவார்கள். ஃபிகோ 2010இல் நன்றாகவே விற்றது. 2013இல் வந்த எக்கோஸ்போர்ட் சின்ன எஸ்யூவி சந்தையைச் சூடாக்கியது. அப்புறம்? அந்த அளவுக்குப் பேசப்பட்ட அடுத்த கார் வரவில்லை. 2015இல் குஜராத்தின் சானந்தில் பெரிய ஆலையைத் திறந்தார்கள், அதை நிரப்பும் அளவுக்கு விற்பனை இல்லை. அதே ஆண்டு ஹூண்டாய் கிரெட்டாவைக் கொண்டுவந்தது, பிறகு வென்யூ. ஒரு கார் பழசாகும் முன்பே அடுத்தது தயார்.

சரி, ஹூண்டாயிடம் குறையே இல்லையா? உண்டு. கிராண்ட் ஐ10 நியோஸ் 2020 விபத்துச் சோதனையில் வாங்கியது ஐந்துக்கு இரண்டே நட்சத்திரம்.

மஹிந்திராவோடு மறுபடி கூட்டுச் சேரும் திட்டமும் 2020 முடிவில் கைவிடப்பட, 2021 செப்டம்பரில் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சானந்த் ஆலை டாடாவிடம் போனது. மறைமலை நகர் ஆலையை விற்கவில்லை. ஏற்றுமதிக்கு அதைப் பயன்படுத்தப்போவதாக 2024இல் சொன்னார்கள். அதே ஆண்டு ஹூண்டாய் தன் இந்திய நிறுவனத்தின் பங்குகளில் ஒரு பகுதியைச் சுமார் 27,870 கோடி ரூபாய்க்கு விற்று, அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவந்தது.