கேமரா கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா தனியாக வசிக்கிறார். வயது 71. அப்பா உயிரோடு இருந்தபோது, 2019-இல், வீட்டைச் சுற்றி நான்கு கேமராக்கள் மாட்டினார். சென்னையில் இருக்கும் எனக்கு, படுக்கப் போகுமுன் கைபேசியில் அந்த நான்கு கட்டங்களையும் ஒருமுறை பார்த்தால்தான் தூக்கம் வரும். போன ஐப்பசி மழையில் கிணற்றடியைக் காட்டும் கேமரா தகராறு செய்யத் தொடங்கியது. அதை மாற்றப்போய் ஏமாந்தோம். பணம் போனதைவிட மோசமான ஒன்றும் நடந்தது. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

பகலெல்லாம் படம் தெளிவாக வரும். மாலை இருட்டியதும் திரை கறுத்துவிடும். சில நொடிகளில் திரும்ப வரும், மறுபடியும் போகும். விடிந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும். பக்கத்துத் தெருவில் புதிதாகக் கடை போட்டிருந்தவரை அம்மா அழைத்தார். அவர் ஏணிகூடப் போடவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "போர்டு போய்விட்டது அம்மா, இனி இது ஆகாது" என்று சொல்லிவிட்டார். புதிய 5 மெகாபிக்சல் கேமரா 4,800 ரூபாய், மாட்டுக்கூலி 1,200. பழையதைக் கொடுத்தால் 200 கழிப்பதாகச் சொன்னார். அப்பா வாங்கியது என்பதால் அம்மா கொடுக்க மறுத்து, அதைப் பரணில் ஏற்றி வைத்தார். அந்த மறுப்புதான் பின்னால் எங்களுக்கு உண்மையைக் காட்டியது.

இரண்டே வாரத்தில் புதிய கேமராவும் இருட்டியதும் விட்டுவிட்டு அணைய ஆரம்பித்தது. கூப்பிட்டுக் கேட்டால், பவர் பெட்டியையும் மாற்ற வேண்டும், இன்னும் 1,500 ஆகும் என்றார். நான் ஊருக்குப் போயிருந்த நாளில், மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அடுத்த வீட்டு மாமா, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டருடன் வந்தார். பரணில் இருந்த பழைய கேமராவைக் கீழே இறக்கி, கூடத்தில் வைத்து, தனி 12 வோல்ட் அடாப்டரில் இணைத்தார். அது வேலை செய்தது. விளக்கை அணைத்து இருட்டாக்கினோம். இருட்டில் படம் தெரிவதற்காகக் கேமராவிலேயே இருக்கும் அகச்சிவப்பு விளக்குகளும் எரிந்தன. இரவு முழுவதும் ஒருமுறைகூட அது அணையவில்லை. "நல்ல கேமராவைக் கழற்றிப் போட்டிருக்கிறான்" என்றார் மாமா. அம்மாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

கோளாறு கேபிளில் இருந்தது. கேமராவின் வால் கனெக்டரைப் பெட்டிக்குள் வைக்காமல், இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிச் சுவரில் தொங்க விட்டிருந்தார்கள். மழைநீர் இறங்கி, மின்சாரம் நுழையும் டி.சி. பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மாமா, படமும் மின்சாரமும் சேர்ந்து போகும் 3+1 கேபிளின் மின்கம்பியை பிளேடால் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு, உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம்! முழுச் செம்பைவிட இதில் மின்தடை அதிகம். எங்கள் வீட்டில் அது ஏறத்தாழ 30 மீட்டர் தூரம் ஓடுகிறது. பகலில் கேமரா பக்கம் 11 வோல்ட்டுக்கு மேல் இருந்தது. இருட்டி அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து மின்னோட்டம் கூடியதும் 9-க்குக் கீழே விழுந்தது. அதனால்தான் இரவில் மட்டும் அணைந்து அணைந்து எரிந்திருக்கிறது. பகலில் ஓடி இரவில் சாகும் கேமராவுக்கு முதலில் பார்க்க வேண்டியது மின்சாரத்தையும் கனெக்டரையும்தான். தொழில் தெரிந்த எவருக்கும் இது தெரியும். அந்தக் கடைக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அதோடு முடியவில்லை. மார்கழியில் ஒரு நாள் அதிகாலை இரண்டு மணி வாக்கில் யாரோ சுவரேறிக் குதித்து, ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் வயரை வெட்டிக்கொண்டு போனார்கள். அந்த நேரம் பார்த்துக் கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. காவல் நிலையத்தில் பதிவைக் காட்டினேன். "ஆள் தெரிகிறது, முகம் எங்கே?" என்று கேட்டார்கள். 5 மெகாபிக்சல் என்று விற்ற கேமரா பதிவுப் பெட்டியான டி.வி.ஆரில் 1080 என்றுதான், அதாவது அகலத்தில் 1920, உயரத்தில் 1080 புள்ளிகள் என்றுதான் காட்டியது. எங்கள் டி.வி.ஆரோ அகலத்தில் அதிலும் பாதியாக, 960 புள்ளிகளாகத்தான் பதிவு செய்யும் வகை. கிணற்றடி பத்து மீட்டர் தள்ளி இருக்கிறது. கேமராவில் இருந்த 2.8 மி.மீ. லென்ஸ் அந்தத் தூரத்தில் சுமார் 25 மீட்டர் அகலத்தைப் படத்துக்குள் அடக்கும். 960-ஐ 25-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 38 புள்ளிகள். மனித முகம் ஏறக்குறைய 15 சென்டிமீட்டர். ஆறு புள்ளிகளில் எந்த முகம் தெரியும்? முன்பின் தெரியாத ஒருவரை அடையாளம் காண மீட்டருக்கு 250 புள்ளிகள் வேண்டும் என்பது இத்துறையின் அளவுகோல். குறைந்த அகலத்தை நெருக்கமாகக் காட்டும் 6 மி.மீ. லென்ஸ் போட்டு, டி.வி.ஆரும் 1920 புள்ளிகளைப் பதிவு செய்திருந்தால் 200-க்குப் பக்கத்திலாவது வந்திருக்கும். எவ்வளவு தூரத்தில் என்ன தெரிய வேண்டும் என்று கேமராவை விற்றவர் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். திருட்டுக்குப் பிறகு கடவுச்சொல்லை மாற்றலாம் என்று செயலியைத் திறந்தேன். அனுமதி இல்லை என்றது. எங்கள் டி.வி.ஆரின் உரிமையாளர் கணக்கு வேறொருவருடையது, எனக்குப் பார்வை மட்டும் பகிரப்பட்டிருக்கிறது என்று காட்டியது. கேமரா மாற்றிய அன்று "ரீசெட் செய்ய வேண்டும்" என்று சொல்லி, அவர் தம்முடைய கைபேசியில் தம் கணக்கோடு அதை இணைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு மாதங்களாக வாசல், பின்கட்டு, துணி துவைக்கும் கல், அம்மா எப்போது கோயிலுக்குக் கிளம்புகிறார், எப்போது திரும்புகிறார் எல்லாம் அந்தக் கைபேசியிலும் தெரிந்துகொண்டிருந்தது. அவர் பார்த்தாரா என்பது எனக்குத் தெரியாது. பார்க்க முடிந்தது என்பதே என் வயிற்றைக் கலக்கியது. அழைத்துக் கேட்டேன். முதலில் சர்வீஸ் வசதிக்காக என்றார். விடுவிக்கச் சொன்னபோது, ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 2,500 செலுத்தினால் மாற்றித் தருகிறேன் என்றார். எங்கள் வீட்டைப் பார்க்கும் உரிமைக்கு எங்களிடமே விலை!

அன்றே டி.வி.ஆரிலிருந்து இணையக் கேபிளைப் பிடுங்கினேன். அது இல்லாமலும் பதிவு நடக்கும், வெளியிலிருந்து பார்க்கத்தான் முடியாது. அப்பா தம் கோப்பில் 2019-இன் பில்லைப் பத்திரமாக வைத்திருந்தார். அதையும் டி.வி.ஆரின் வரிசை எண் தெரியும் படத்தையும் தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு அனுப்பிய பிறகே அவருடைய கணக்கிலிருந்து எங்கள் டி.வி.ஆரை விடுவித்தார்கள். அந்தப் பில் இல்லாவிட்டால் எதைக் காட்டி உரிமை கேட்டிருப்பேன் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

புதிய கேமராவுக்கு அவர் தந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத ஒரு துண்டுச் சீட்டு. கேமராவின் மேல் தயாரித்தவர் பெயரும் இல்லை, ஆர் என்று தொடங்கும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு எண்ணும் இல்லை. 2025 ஏப்ரல் 9 முதல் சிசிடிவி கேமராக்கள் மத்திய அரசின் பாதுகாப்புச் சோதனையில் தேறினால்தான் இங்கே விற்பனைக்கு வர முடியும். லேபிளில் உள்ள எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் யாரும் சரிபார்க்கலாம். நாங்கள் பார்க்கவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும், யு.பி.ஐ. வழியாகப் பணம் அனுப்பிய பதிவும் அவருடைய குரல் செய்திகளும் என்னிடம் இருக்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

வெளியாள் யாராவது உங்கள் கேமராவையோ டி.வி.ஆரையோ தொட்டிருந்தால், இன்றைக்கே செயலியைத் திறந்து உரிமையாளர் யார் என்று பாருங்கள். பகிரப்பட்டது என்று இருந்தால், உரிமையாளர் கணக்கு வீட்டில் யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். யாரிடமும் இல்லை என்றால் முதலில் இணையக் கேபிளைக் கழற்றுங்கள்.

மாமாவின் மேற்பார்வையில் முழுச் செம்புக் கேபிள் இழுத்து, கனெக்டரை மூடிய பெட்டிக்குள் வைத்து, அப்பா வாங்கிய கேமராவையே மறுபடி மாட்டினோம். இரவு முழுவதும் அணையாமல் ஓடுகிறது. கணக்கும் கடவுச்சொல்லும் இப்போது எங்களுடையவை. ஆனால் விஷயம் தெரிந்த அன்று பின்கட்டுக் கேமராவின் மேல் அம்மா ஒரு துண்டைச் சுற்றிக் கட்டினார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். என் கைபேசியில் நான்காவது கட்டம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.