பதினாறு பேர் சேர்த்த 1,280 வெள்ளி: பெட்ரோல் வாட்டர் ஜெட் வாங்குமுன் இதைப் படியுங்கள்

எங்கள் கோயிலுக்கு வாட்டர் ஜெட், அதாவது தண்ணீரை உயர் அழுத்தத்தில் பீய்ச்சித் தரையைக் கழுவும் இயந்திரம், வாங்கிய கடையிலிருந்து நேற்று மாலை நான்காவது முறையாக வெறுங்கையோடு திரும்பினேன். பணமும் கிடைக்கவில்லை, பழுது நீக்கிய இயந்திரமும் கிடைக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் அந்தக் கடைக்காரருக்காக நானே சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவேன். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றின் மேல்தளத்தில் கைக்கருவிகளும் சிறு இயந்திரங்களும் விற்கும் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிங்கப்பூரில் எங்கள் வட்டாரக் கோயிலில் வார இறுதிகளில் துப்புரவுப் பணி செய்யும் தொண்டூழியர்கள் பதினாறு பேர். அகல்களிலிருந்து வழிந்து வழிந்து பிசுக்காகிப்போன எண்ணெயும், டிசம்பர் மழைக்குப் பிறகு வெளிப்பிராகாரத் தரையில் படரும் பச்சைப் பாசியும் தேய்ப்பானுக்கு அடங்குவதில்லை. சென்ற ஆண்டு அந்தப் பாசியில் வழுக்கி ஒரு பாட்டி விழுந்தார். எனவே இந்தத் தைப்பூசத்துக்கு முன் வாட்டர் ஜெட் ஒன்று வாங்கிவிடுவது என்றும், கோயில் பணத்தைத் தொடாமல் ஆளுக்கு 80 வெள்ளி போடுவது என்றும் முடிவு செய்தோம். மொத்தம் 1,280 வெள்ளி. எங்களில் இரண்டு பேர் ஓய்வுபெற்றவர்கள், ஒருவர் பாலிடெக்னிக் மாணவர். அந்த 80 வெள்ளி அவர்களுக்குச் சிறிய தொகை அல்ல.

மின்சாரத்தில் ஓடுவதை வாங்கியிருக்கலாமே என்று இப்போது எல்லாரும் கேட்கிறார்கள். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் 13 ஆம்பியர் பிளக்கில் ஏறத்தாழ 3 கிலோவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது; எங்கள் வேலைக்கு அது போதாது என்று பட்டது. மேலும் வாகனம் நிறுத்தும் பக்கத்தில் எங்களுக்குப் பிளக்கே இல்லை. ஆகவே பெட்ரோல் இயந்திரத்தைத் தேடியது தவறல்ல. தேடிய இடம்தான் தவறு.

நான் ஏமாந்த நொடி எது என்று இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன். விலையும் இல்லை, விளம்பரமும் இல்லை. "எதுக்கு அண்ணே வாங்குறீங்க?" என்று கடைக்காரர் கேட்டார். கோயிலுக்கு என்றேன். உடனே எழுந்து நின்றுவிட்டார். "கோயிலுக்குன்னு சொல்லிட்டீங்க, இதுல நான் லாபம் வைக்கவே மாட்டேன்" என்று சொல்லி, கால்குலேட்டரில் 1,480 என்று தட்டி, அதைத் துடைத்துவிட்டு 1,280 என்று தட்டிக் காட்டினார். அவருடைய மேசையில் முருகன் படம் இருந்தது, புதிய பூவும் வைத்திருந்தார். அந்தப் பூவைப் பார்த்த பிறகு நான் வேறு எதையும் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

கடையின் பின்பக்கம் அழைத்துப் போய் ஓட்டிக் காட்டவும் செய்தார். அங்கே ஓடிய இயந்திரத்தில் பம்பின் முகப்பு பித்தளை, மஞ்சளாக மின்னியது. "டிரிப்ளெக்ஸ் பம்ப் அண்ணே, மூணு பிளஞ்சர், சீல் தேஞ்சா சீலை மட்டும் மாத்திக்கலாம், பத்து வருசத்துக்குக் கவலை இல்லை" என்றார். அழுத்தம் 3,600 பிஎஸ்ஐ, நிமிடத்துக்கு 2.5 கேலன் தண்ணீர், எஞ்சின் ஹோண்டா ஜிஎக்ஸ்200 போன்றதேதான் என்றார். 'போன்றதேதான்' என்ற சொல் அப்போது என் காதில் உறைக்கவில்லை. அங்கேயே என் வங்கிக் கணக்கிலிருந்து பேநவ் என்ற கைப்பேசிப் பணமாற்று வழியாகப் பணம் அனுப்பினேன். ரசீதில் 'வாட்டர் ஜெட் ஒன்று, 1,280 வெள்ளி' என்று மட்டுமே எழுதிக் கொடுத்தார். மாடல் எண் இல்லை, பம்பின் வகையும் இல்லை.

இரண்டு நாள் கழித்து இரவு எட்டரை மணிக்குப் பெட்டி வந்து இறங்கியது. அதே நிறச் சட்டம், அதே சக்கரம், அதே ஒட்டுத்தாள். பம்பின் முகப்பு மட்டும் கறுப்பு. கடைக்காரரைக் கைப்பேசியில் அழைத்துக் கேட்டபோது, இது புதிய வடிவம், துருப்பிடிக்காமல் இருக்கக் கறுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள் என்றார். மறுநாள் விடியற்காலையில் வேலை காத்திருந்தது, நம்பிவிட்டேன். பெட்டிக்குள் கையேடு எதுவும் இல்லை.

ஐந்து வார இறுதிகள், வாரத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக, மொத்தம் பன்னிரண்டு மணி நேரம் அது ஓடியிருக்கும். ஆறாவது வாரம் தண்ணீர் விட்டு விட்டு வந்தது. பம்பின் அடியில் சொட்டியது. தரையில் ஒட்டியிருந்த பூவிதழைக்கூட அதனால் நகர்த்த முடியவில்லை. 10 லிட்டர் வாளியை வைத்து நேரம் பார்த்தோம். சொன்னபடி 2.5 கேலன் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 9.5 லிட்டர், அதாவது வாளி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் நிறைய வேண்டும். நிறைய ஒரு நிமிடம் ஐம்பது வினாடி ஆனது. குழாயில் தண்ணீர் குறைவோ என்று, ஹோஸை நேரடியாக அதே வாளியில் விட்டுப் பார்த்தோம். நாற்பது வினாடியில் நிறைந்துவிட்டது. ஆகக் குழாயின் மீது பழி இல்லை.

காக்கி புக்கிட் வட்டாரத்தில் புல்வெட்டும் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் ஒருவரிடம் எடுத்துப் போனோம். அவர் திருகைக் கழற்றியதுமே சிரித்துவிட்டார். உள்ளே இருந்தது டிரிப்ளெக்ஸ் அல்ல, ஆக்ஸியல் பம்ப். சாய்ந்த தட்டு ஒன்று எஞ்சினின் தண்டோடு சேர்ந்து நிமிடத்துக்கு மூவாயிரத்துச் சொச்சம் முறை சுழன்று பிஸ்டன்களைத் தள்ளும் வகை அது. விலை குறைவு, எடை குறைவு, வீட்டில் எப்போதாவது கார் கழுவுகிறவருக்குப் போதும். வாரந்தோறும் இரண்டு மணி நேரம் ஓட்டுவதற்கு ஏற்றதல்ல என்றார். பம்பிலிருந்து வடிந்த எண்ணெய் பால் கலந்த தேநீரைப் போல இருந்தது. கசிவைத் தடுக்கும் வளையமான சீல் கிழிந்து தண்ணீர் எண்ணெய்க்குள் இறங்கியதற்கு அதுதான் அடையாளமாம். அந்தப் பம்புக்கு மாற்றுச் சீலும் தனியாகக் கிடைக்காது, முழுப் பம்பையும் மாற்ற வேண்டும் என்றார். பார்த்ததற்கு அவர் காசு வாங்கவில்லை. அவர் மேசையில் எந்தப் படமும் இல்லை.

இனிக் கடைக்காரரின் பதில்கள். முதல் முறை போனபோது, சப்ளையரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பத்து நாள் நான் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளுக்கு நீலக் குறி மட்டுமே பதிலாக வந்தது. இரண்டாம் முறை, "வாரண்டி எஞ்சினுக்கு மட்டும்தான் அண்ணே. எஞ்சின் ஓடுதா? ஓடுது. அப்புறம் என்ன?" என்றார். மூன்றாம் முறை, ட்ரிகரை அழுத்தாமல் இயந்திரத்தை ஓடவிட்டிருப்பீர்கள், அதனால் பம்ப் சூடாகிச் சீல் போயிருக்கும் என்றார். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. ட்ரிகரை விட்டுவிட்டால் அன்லோடர் வால்வு அதே தண்ணீரைப் பம்புக்குள்ளேயே திருப்பித் திருப்பிச் சுற்றவிடும். இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் போனால் அது கொதிக்கத் தொடங்கும். எங்கள் மாணவத் தம்பி ஒருமுறை ஐந்து நிமிடம் அப்படி விட்டுவிட்டுத் தேநீர் வாங்கப் போனது உண்மைதான். ஆனால் அப்படிச் செய்யக்கூடாது என்று விற்கும்போது ஒரு வார்த்தை சொன்னாரா? பித்தளைப் பம்பைக் காட்டிவிட்டுக் கறுப்புப் பம்பை அனுப்பியது யார், தம்பியா?

நேற்று நான்காம் முறை. பம்பை மாற்றித் தர மேலும் 380 வெள்ளி கேட்டார். நான் குரலை உயர்த்தியதும், "கோயிலுக்காகப் போன காசுதானே அண்ணே, புண்ணியத்துல எழுதிக்குங்க" என்றார். 1,280 வெள்ளி. பதினாறு பேரின் 1,280 வெள்ளி. அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிக்கொள்ளும்படி எனக்குச் சொல்ல இவர் யார்?

வீட்டுக்கு வந்த பிறகுதான் சட்டத்தைப் படித்தேன். முன்பே படித்திருக்க வேண்டும். 2012 செப்டம்பரிலிருந்து இங்கே நடப்பில் இருக்கும், குறையுள்ள பொருள்களுக்கான லெமன் சட்டத்தின்படி, பயனீட்டாளர் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அந்தக் குறை கொடுக்கும்போதே இருந்தது என்றுதான் கொள்ளப்படும்; இல்லை என்று காட்டும் பொறுப்பு விற்றவருடையது. கோயிலின் பெயரில் ரசீது போட்டிருந்தால் நான் பயனீட்டாளரா இல்லையா என்றே வழக்காடியிருப்பார். பணம் என் கணக்கிலிருந்து போனது நல்லதாயிற்று. சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தில் முறையிடலாம். அதற்கும் அசையாவிட்டால் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் இருக்கிறது: 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறது, வழக்கறிஞர் இல்லை, என் தொகைக்குப் பயனீட்டாளர் கட்டணம் 10 வெள்ளி, கால வரம்பு இரண்டு ஆண்டு. இந்த வாரமே தாக்கல் செய்யப் போகிறேன்.

நல்ல இயந்திரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்று விரிவாக எழுதுவதாக எங்கள் குழுவில் சொல்லியிருந்தேன். இப்போது மனம் அதில் நிலைக்கவில்லை, தோன்றுவதைச் சொல்லிவிடுகிறேன். பம்பின் வகையையும் மாடல் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். ஓட்டிக் காட்டிய அதே இயந்திரத்தையே ஏற்றிக்கொண்டு வாருங்கள். பிஎஸ்ஐ எண்ணைப் பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேட்டு வாளி வைத்துப் பாருங்கள். குழாயைத் திறந்து தண்ணீர் வந்த பிறகே எஞ்சினை இழுங்கள். புதிய எஞ்சினில் முதல் 20 மணி நேரத்துக்குள் எண்ணெயை மாற்றிவிடுங்கள். பெட்ரோலை மாதக்கணக்கில் உள்ளேயே விட்டால் கார்புரேட்டர் பிசின் பிடிக்கும். தண்ணீரை ஒரே கோடாகக் கூர்மையாகப் பாய்ச்சும் சிவப்பு நாசிலைச் சுதைச் சிற்பத்தின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. மண்டபத்துக்குள் ஓட்டாதீர்கள், அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன். எங்கள் குழுவின் பணக் கணக்கு வைத்திருக்கும் அக்கா இரண்டாவது முறையாக அழைக்கிறார்; அவருக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை.